ஊரில் சீதன வீடு, இங்கிலாந்தில் மேலதிக வரி

இங்கிலாந்தில் வாழும் நமது கிழக்கிலங்கைக் குடும்பங்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ மனைவியின் பெயரில் சீதன வீடு ஒன்று இருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து இங்கே முதன்முதலாக ஒரு வீட்டை வாங்கப் போகும்போது, அது அவர்களின் ‘இரண்டாவது வீடு’ என்று சொல்லி மேலதிக முத்திரை வரி கேட்கிறார்கள். இது நியாயமா என்று பலரும் என்னிடம் கேட்கிறார்கள். நியாயமோ இல்லையோ, சட்டம் அதுதான்.

இந்த மேலதிக வரி 2016 ஏப்ரலில் 3 சதவீதமாக அறிமுகமானது. வாடகைக்கு விடுவதற்காக வீடுகளை வாங்கிக் குவிப்பவர்களை மட்டுப்படுத்துவதே அன்று சொல்லப்பட்ட நோக்கம். 2024 ஒக்டோபர் 31 முதல் அது 5 சதவீதமாக்கப்பட்டது. இங்கிலாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் பொருந்தும் இந்தச் சட்டத்தில், உலகின் எந்த மூலையில் உள்ள வீடும் கணக்கில் சேரும். பெறுமதி 40,000 பவுண்களை எட்டினால் போதும். பவுண் ஒன்று 400 ரூபா என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடி அறுபது இலட்சம். காத்தான்குடியில் காணி விற்கும் விலைக்கு அது பெரிய தொகையல்ல.

300,000 பவுண் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருவருமே இதற்கு முன்னர் எங்கும் வீடு வைத்திராதவர்கள் என்றால் வரி எதுவுமில்லை. மனைவிக்கு ஊரில் வீடு இருந்தால் வரி 20,000 பவுண்கள். இதில் 5,000 சாதாரண வரி, 15,000 மேலதிக வரி. வாங்குபவர்களில் ஒருவருக்கு வேறு வீடு இருந்தாலே முழு விலைக்கும் மேலதிக வரி விழும். ‘அப்படியென்றால் மாப்பிள்ளை மட்டும் தனது பெயரில் வாங்கட்டும்’ என்பார்கள். அதுவும் சரிவராது. சட்டப்படி திருமணமாகிச் சேர்ந்து வாழும் தம்பதியினரில் ஒருவர் வாங்கினாலும் மற்றவரின் வீடும் பார்க்கப்படும். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பெயரில் எழுதி வைத்தாலும் பெற்றோரின் வீடாகவே கொள்ளப்படும்.

வாப்பா மௌத்தான பின் வாரிசுரிமையாகக் கிடைத்த பங்கு பாதியைத் தாண்டாவிட்டால், மூன்று ஆண்டுகளுக்கு மேலதிக வரிக் கணக்கில் சேர்க்கப்படாது. உயிரோடிருக்கும்போதே மகளுக்கு உறுதி எழுதிக் கொடுத்த வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. நமது கிழக்கின் வழமையோ அந்த இரண்டாவது வகைதான்!

இங்கிருந்துதான் எனக்குக் கவலை தொடங்குகிறது. வரியை மிச்சப்படுத்த இரண்டு யோசனைகள் சுற்றிவருகின்றன. ஒன்று, பள்ளிவாசலில் நிக்காஹ் மட்டும் முடித்துவிட்டு, இங்குள்ள சிவில் பதிவைத் தள்ளிப்போடுவது. அந்த நிக்காஹ்வை மட்டும் ஆங்கிலச் சட்டம் திருமணமாக ஏற்பதில்லை. ஆகவே கணவன் தனி ஆளாக வாங்கினால் மனைவியின் வீடு கணக்கில் வராது. உண்மைதான். ஆனால் நாளை தலாக் என்று வந்தால், திருமணமான மனைவி நீதிமன்றத்தில் கேட்கக்கூடிய சொத்துப் பங்கை இவள் கேட்க முடியாது. வீடும் அவன் பெயரில். இலங்கையில் முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் பதிந்து வந்தவர்களுக்கு இந்தக் குறுக்குவழி இல்லவே இல்லை என்பது ஒரு வகையில் ஆறுதல்.

மற்றையது, ஊர் வீட்டைத் தங்கைக்கோ தம்பிக்கோ நன்கொடை உறுதியாக எழுதிக் கொடுக்கச் சொல்வது. சட்டத்தில் இதற்குத் தடையில்லை. ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஒரு தடவை வீடு வைத்திருந்தவர் முதன்முறை வாங்குபவராக மீண்டும் ஆக முடியாது. எனவே மிச்சமாவது 20,000 அல்ல, 15,000 தான். நொத்தாரிசுச் செலவும் ஊரின் முத்திரை வரியும் போக, கைக்கு வருவது இன்னும் குறைவு. அதற்காகக் கைவிடப்படுவது ஒரு பெண்ணுக்கு அவளுடைய குடும்பம் கொடுத்த ஒரே பாதுகாப்பு.

சீதன முறையை நான் ஆதரிப்பவன் அல்லன். பெண் வீட்டாரை அது கடனாளியாக்குவதைப் பற்றி முன்னரும் பேசியிருக்கிறேன். ஆனால் கொடுத்த வீடு அவள் பெயரில் இருக்கும்வரை, கணவன் விட்டுப் போனாலும் அவளுக்குக் கூரை இருக்கும். மார்க்கமும் மனைவியின் சொத்தில் கணவனுக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. உறுதி மாற்றத்தை அவளே விரும்பிச் செய்தால் அது வேறு. மாமியார் வீட்டு மண்டபத்தில் எல்லோரும் கூடியிருந்து ‘கையெழுத்துப் போடு’ என்று சொல்வதை விருப்பம் என்று நான் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

இன்னொன்று. மறைத்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: வரிப் படிவம் வீடு கைமாறிய 14 நாட்களுக்குள் போக வேண்டும், அதிலுள்ள பிரகடனம் வாங்குபவருடையது. பிறகு ஊர் வீட்டை விற்று வரியைத் திருப்பிக் கேட்கலாம் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. இங்கே வீடு வாங்குவதற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் தம்பதியரில் ஒருவராவது அந்த வீட்டைத் தமது பிரதான வசிப்பிடமாக வைத்திருந்து, வாங்கிய பின் மூன்று ஆண்டுகளுக்குள் அதை விற்றால்தான் அந்த வழி திறக்கும். பத்து வருடங்களாக லெஸ்டரில் இருப்பவர்களுக்கு அது மூடிய கதவு.