திருமுழுக்குக் கொடுத்த வீட்டில் சாதியை வளர்க்க மாட்டோம்: எங்கள் நிலைப்பாடு

வேப்பூர் வட்டாரத்தில் வாழும் கத்தோலிக்கப் பெற்றோர்கள் கூடிப் பேசி எடுத்த நிலைப்பாடு இது. பிள்ளையை விசுவாசத்தில் வளர்ப்போம் என்று திருமுழுக்கு நாளில் பீடத்தின் முன் வாக்குக் கொடுத்தவர்கள், அதே பிள்ளைக்குச் சாதியையும் ஊட்டி வளர்க்கலாமா? கூடாது என்கிறோம்.

எந்த வீட்டிலும் யாரும் பிள்ளையை உட்காரவைத்துச் சாதியைப் பாடமாக நடத்துவதில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் தாத்தா வயதுக்காரர் ஒருவரை அப்பா சாதி பார்த்து ‘வா, போ’ என்று கூப்பிடுகிறார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொள்கிறது. அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் தலித் மக்கள் தெருவில் நடந்தால் அம்மாவுக்கு வேலை வந்துவிடுகிறது. போனாலும் கொடுத்த டீயைத் தொடுவதில்லை. அன்று இரவு அவர்கள் வீட்டிலும் செபமாலை தவறாமல் சொல்லப்படுகிறது. ஐம்பத்து மூன்று மங்கள வார்த்தையைவிடத் தொடாமல் வைத்த அந்த டம்ளர்தான் பிள்ளையின் மனதில் ஆழமாகப் பதிகிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பால் அதை அழிக்க முடியாது.

இது எங்கேயோ நடக்கிற கதையும் அல்ல. நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களே சாதியால் பிரிந்து மோதினார்கள். இறந்தவரின் உடலை எந்தத் தெரு வழியாகக் கோயிலுக்குக் கொண்டுபோகலாம், தலித் மக்களுக்குத் தனிப் பங்கு உண்டா என்பவையே தகராறு. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில் 2003-இல் சாதி மீறி மணந்த இளம் ஜோடி கொல்லப்பட்டது. அந்த வழக்கில் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் அந்தக் கொலைக்குப் பின்னால் இருந்த எண்ணம் நம் வீடுகளுக்குள் இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எங்களால் முடியவில்லை.

நம் பக்கத்துக் கோணான்குப்பத்துக்குப் பெரியநாயகி அன்னையைத் தேடிப் போகாத கத்தோலிக்கக் குடும்பம் இங்கே அரிது. வீரமாமுனிவரோடு சேர்த்துப் பேசப்படும் தலம் அது. 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை 1726-இல் முடித்த அவர், காப்பியத் தலைவனாக எந்த அரசனையும் தேர்ந்தெடுக்கவில்லை. தச்சுவேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றிய சூசையப்பரைத் தேர்ந்தெடுத்தார். மத்தேயு நற்செய்தி ஆபிரகாமிலிருந்து தொடங்கித் தலைமுறை தலைமுறையாகப் பெயர் எழுதிக்கொண்டு சூசையப்பரிடம் வந்துசேர்கிறது. அவர் வளர்த்த குழந்தையோ அவருடைய இரத்தம் அல்ல. அந்தக் குழந்தைக்குப் பெயரிட்டார், அதைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினார், தொழில் கற்றுக்கொடுத்தார். நாம் திருக்குடும்பம் என்று படம் மாட்டி வணங்கும் குடும்பம் இரத்தத்தின் மேல் கட்டப்பட்டதே அல்ல. அந்தப் படத்தின் கீழே உட்கார்ந்துகொண்டு ‘நம்ம இரத்தம், நம்ம வம்சம்’ என்று வரன் பேசுவது எப்படிப் பொருந்தும்? இதற்கு விடை தேடித்தான் நாங்கள் வெகுநேரம் பேசினோம். பொருந்தவில்லை.

‘சாதி பார்க்காததற்காகச் சொந்தபந்தம் ஒதுக்கிவைத்தால் பிள்ளைகளின் கதி என்ன?’ என்று சிலர் கேட்டார்கள். நியாயமான பயம். தனியாக நிற்கும் குடும்பத்தை ஊர் எளிதில் ஒடித்துவிடும். அதனால்தான் ஆளாளுக்கு மனசுக்குள் வைத்துக்கொள்ளாமல் கூட்டாக, வெளிப்படையாக அறிவிக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாதியைப் பற்றி வாயே திறக்காதே என்று தலித் குடும்பங்களிடம் நாங்கள் சொல்லவில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர்களுக்கு இன்றுவரை பட்டியல் சாதித் தகுதி இல்லை; தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். சாதிச் சான்றிதழில் ஏன் அப்படி இருக்கிறது என்று அந்த வீட்டுப் பிள்ளை கேட்டால் பெற்றோர் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். பட்ட காயத்தைப் பிள்ளைக்குச் சொல்வதும் சாதிப் பெருமையை ஊட்டுவதும் ஒன்றல்ல.

சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்று இந்தியத் திருச்சபை அறிவித்துவிட்டது. தலித் மக்களின் உரிமைக்கென்று ஆயர் பேரவை 2016-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. அது வீட்டுக்குள் வந்துசேர வேண்டும். எங்கள் வீடுகளில் சாதிப் பெயர் வசைச்சொல்லாக வராது. தாத்தா பாட்டி சொன்னாலும் பிள்ளைகள் முன்பே மறுப்போம். அன்பியம் எந்தத் தெருவில் கூடினாலும் பிள்ளைகளோடு போவோம், கொடுப்பதைச் சாப்பிடுவோம். ஞானப்பெற்றோரைச் சொந்தச் சாதிக்குள்ளேயே தேட மாட்டோம். பையனுக்கு ஒரு நீதி, பெண்ணுக்கு ஒரு நீதி என்பதும் கிடையாது. குடும்ப மானத்தைப் பெண்பிள்ளையின் தலையில் ஏற்றும் வழக்கத்திலிருந்துதான் மற்ற கொடுமைகள் கிளம்புகின்றன. வயது வந்த மகனோ மகளோ வேறு சாதியில் துணையைத் தேர்ந்துகொண்டால், அடித்தோ, சாகப்போகிறேன் என்று மிரட்டியோ மனதை மாற்றப் பார்க்க மாட்டோம். மணமக்களின் மனமொத்த சம்மதம் இல்லாத திருமணம் திருச்சபைச் சட்டப்படியே செல்லாது.

பங்குகளிடமும் கேட்கிறோம்: கல்லறைத் தோட்டம் ஒன்றாக இருக்கட்டும். திருவிழாத் தேர் எல்லாத் தெருவுக்கும் போகட்டும். சாதி மீறிய திருமணத்துக்கு ஓலை வாசிப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

மிரட்டலுக்கு ஆளான ஜோடிகளைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டிருக்கிறது. வீட்டில் மிரட்டப்படும் எந்தப் பிள்ளையும், எந்த மதமானாலும், எங்களில் யார் கதவையும் தட்டலாம். காவல் நிலையத்துக்குக் கூடவே வருவோம். பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ வராவிட்டால், திருமணத்தன்று அவர்கள் இடத்தில் நாங்கள் நிற்போம்.