முதல் டிரோனுக்கு மரமே போதும்!

“டிரோன் செய்யப் போகிறேன், கார்பன் ஃபைபர் சட்டம் வாங்கிக் கொடம்மா” என்று உங்கள் பிள்ளையோ பெண்ணோ நச்சரிக்கிறார்களா? கோபித்துக் கொள்ளாதீர்கள், சகோதரிகளே! உடனே பணத்தை எடுத்துக் கொடுத்தும் விடாதீர்கள். 1903-ல் ரைட் சகோதரர்களைச் சுமந்து பறந்ததே ஒரு மர விமானம்தானே!

மரக்கடையில் கணு இல்லாத, இழை நேராக ஓடும் ரீப்பராகப் பார்த்து, அரை அங்குலக் கனத்தில் நான்கு துண்டுகள் அறுத்துத் தரச் சொல்லுங்கள். அவைதாம் கைகள். நடுவில் மேலும் கீழும் பிடித்துக்கொள்ள இரண்டு பிளைவுட் தகடுகள். மோட்டாரின் அதிர்வை மரம் ஓரளவு உறிஞ்சிவிடும். கார்பன் ஃபைபரில் மின்சாரம் பாயும்; உலர்ந்த மரத்தில் அந்தப் பயமில்லை.

பழகும்போது டிரோன் விழத்தான் விழும், கை முறியும். டிரோனின் கையைத்தான் சொல்கிறேன்! சில ரூபாயில் வேறு மாட்டிவிடலாம். குழந்தையின் விரலை அப்படி மாற்ற முடியுமா? ஆகவே, மேஜைமேல் மோட்டாரைச் சோதிக்கும்போதெல்லாம் விசிறிகளைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். எங்கே பறக்கவிடலாம் என்பதற்கு 2021-ம் வருஷத்து டிரோன் விதிகள் இருக்கின்றன, அவற்றையும் படிக்கட்டும்.

பிறகு மொட்டை மாடிக்கு அல்ல, திறந்த மைதானத்துக்குப் போகட்டும். கூடவே நீங்களும் போங்கள்!