நாம் அடைத்த ஐந்தடி

எங்கள் குடியிருப்பு 1994இல் கட்டியது. மூன்று மாடி, பன்னிரண்டு வீடு, லிப்ட் கிடையாது. வரைபடத்தில் இருபுறமும் ஐந்தடி காலியிடம் இருக்கிறது. இன்று ஒருபுறம் ஜெனரேட்டர் நிற்கிறது, மறுபுறம் தகரக் கூரைக்கு அடியில் பைக்குகள். அந்தத் தகரத்துக்குப் பணம் பிரித்தபோது கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. சென்னையில் பழைய கட்டடங்களில் குடியிருக்கும் பலருக்கும் இந்தக் கதை பொருந்தும் என்பதால் ‘நாம்’ என்றே எழுதுகிறேன்.

1999 பிப்ரவரி 28க்கு முன் விதிமீறி எழுந்த கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ பிரிவு வந்தது. ஒரே ஒரு முறைதான் என்றார்கள். அதை நம்பித்தான் 2000இல் உச்ச நீதிமன்றமும் அனுமதித்தது. ஆனால் அந்தத் தேதி ஒவ்வோர் ஆண்டாகத் தள்ளிப்போனது. 2006இல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. அதற்குப் பிறகும் 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கென்று 113-சி வந்தது. இத்தனை ஆண்டும் நீதிமன்றப் படியேறியது ஒரு நுகர்வோர் அமைப்பு. நாம் ஏறவில்லை. தேதி இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகாதா என்றுதான் காத்திருந்தோம்.

2007இல் சென்னைக்கான இரண்டாவது மாஸ்டர் பிளானின் வரைவை வைத்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். கட்டட விதிகளும் அதில் அடங்கியிருந்தன. எங்கள் பன்னிரண்டு வீட்டிலிருந்து ஒரு கடிதம்கூடப் போகவில்லை. படித்தவர்கள் வீடுதான், வங்கி அதிகாரி இருந்தார், இரண்டு ஆசிரியர்கள் இருந்தோம். “நாம சொல்லி என்ன ஆகப்போகுது” என்று ஒருவர் சொன்னார், மற்றவர்களுக்கு அது வசதியாக இருந்தது. எழுதினால் ஆய்வுக்கு வருவார்களோ, தகரக் கூரை கண்ணில் பட்டுவிடுமோ என்ற பயம் அதற்கு அடியில் இருந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விதி எழுதுகிறவர்களின் மேசையில் அனுமதி வாங்கிய வரைபடம் இருக்கும். அந்த வரைபடத்துக்கும் நின்றுகொண்டிருக்கும் கட்டடத்துக்கும் உள்ள தூரம் நமக்குத்தான் தெரியும். எங்கள் இரண்டாம் மாடியில் பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்குவார்கள். படி திரும்பும் இடத்தில் நாற்காலி நேராகப் போகாது, சாய்க்க வேண்டும். சாயும்போது அவர் கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொள்வார். பழைய கட்டடத்துக்கு வெளிப்புறமாக லிப்ட் வைக்க வழி செய்யுங்கள், படிக்கட்டுக்கு இத்தனை அகலம் வேண்டும் என்று அளந்து எழுதியிருக்கலாம். அவர் நான்கு ஆண்டு அப்படித்தான் இறங்கி ஏறினார். லிப்டுக்கு இடம் என்று பார்த்தால், இருந்தது அந்த ஐந்தடிதான்.

2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக்கடை தீப்பிடித்து ஒரு நாளுக்கும் மேலாக எரிந்தது. அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, தீயணைப்பு வண்டி போக வழிவிடாமல் கட்டியவர்களைத் திட்டினோம். திட்டியபடியே மாடிப்படியில் கிடந்த பழைய மெத்தையையும் அட்டைப்பெட்டிகளையும் தாண்டித்தான் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனோம்.

ஒரு முறை மட்டும் விதி நம் வாசலுக்கே வந்தது. 2003இல், ஏற்கெனவே நிற்கும் வீடுகளிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்றது அவசரச் சட்டம். ஆகஸ்ட் 31 கெடு; செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். செய்தோம். குழி வெட்டி, கூழாங்கல்லும் மணலும் போட்டு, மொட்டை மாடிக் குழாயை அதில் இறக்கினோம். ஆண்டுக்கொரு முறை மணலை அள்ளிக் கழுவச் சொன்னார் குழி வெட்டியவர். இரண்டு ஆண்டு கழுவினோம். பிறகு குழாய் உடைந்தது. பிளம்பர் அதைத் தெருச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டார். யாரும் கேட்கவில்லை. 2019 கோடையில் பூண்டியும் சோழவரமும் செங்குன்றமும் செம்பரம்பாக்கமுமாக ஏரிகள் வறண்டபோது, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற வரிசையில் எங்கள் குழியை யாரும் நினைக்கவில்லை.

போன மாதம் அதைத் தூர்வாரலாம் என்று இறங்கினோம். மூடியைக் காணவில்லை. பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்ததில் இடம் தெரிந்தது. ஜெனரேட்டருக்குப் போட்ட சிமெண்ட் மேடைக்கு நேர் கீழே இருக்கிறது.