படமாளிகையும் பட்டுமாளிகையும்

காளவாசல் என்று சொன்ன மாத்திரத்தில் மதுரைவாசிகளுக்கு நினைவு வருவன நாற்சந்தியும், தேனிச் சாலையும், இடையறாது செல்லும் வண்டிகளுமேயாம். ஆயின் அகராதியைப் புரட்டிப் பார்ப்போர்க்கு அச்சொல் செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் குறிப்பதென்பது விளங்கும். சூளை மறைந்தது, பெயர் பிழைத்தது. ஓர் இடத்தின் பழைய தொழில் ஒழிந்த பின்னும் அதன் அடையாளம் ஒன்றேனும் எஞ்சி நிற்குமாயின், பின் வருவோர் முன்னிருந்ததை உணர வழியுண்டு. அவ்வடையாளமும் இல்லாது போயின் அவர்கள் யாதைக் கொண்டு உணர்வர்?

காளவாசலிற் பேருந்தேறிக் கிழக்கே பெரியார் நிலையத்தில் இறங்கி, மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிக்குச் சென்றால், தி சென்னை சில்க்ஸ் என்னும் ஜவுளி மாளிகை பல தளங்களோடு விளங்குவதைக் காணலாம். அவ்விடத்திலேதான் ஒரு காலத்தில் தங்கம் தியேட்டர் நின்றது. 1952-ஆம் ஆண்டு தீபாவளியன்று, சிவாஜி கணேசனின் முதற் படமாகிய ‘பராசக்தி’யோடு அதன் திரை விலகிற்று. 2,563 பேர் ஒருங்கே அமரத்தக்க அவ்வரங்கை ஆசியாவிலேயே பெரியதென்று ஊரார் பெருமையோடு சொல்லிவந்தனர். இன்று அக்கட்டிடத்தில் ஒரு செங்கல்லும் இல்லை. 1937-இல் வெளிவந்து பெரும்பொருள் ஈட்டிய ‘சிந்தாமணி’ படத்தின் வருவாயைக்கொண்டு மதுரை ராயல் டாக்கீஸார் எழுப்பிய சிந்தாமணி தியேட்டரும் இவ்வாறே மறைந்து, அதன் நிலமும் வாணிகத்தின் வசமாயிற்று.

“சினிமாக் கொட்டகை போனாலென்ன? அஃதென்ன கோயிலா, கல்விச்சாலையா?” என்று வினவுவார் நம்மிடையே உளர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். தமிழர் யாவரும் ஒரே கூரையின்கீழ் ஒருங்கே அமர்ந்து கலையை நுகர்ந்த முதலிடம் சினிமாக் கொட்டகையே என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டியுள்ளார். அங்கே இருக்கையின் வரிசை கையிலுள்ள காசைப் பொறுத்தது. பிறந்த குலத்தைப் பொறுத்ததன்று. ஆலைத் தொழிலாளியும் ஆலை முதலாளியும் ஒரே காட்சிக்கு ஒரே நேரத்திற் சிரித்தனர். ஒரே இருளிற் கண்ணீரைத் துடைத்தனர். பள்ளிக்கூடமும் தேநீர்க்கடையும் தயங்கிய காலத்தில், அறியாமலே ஒரு சமத்துவப் பாடத்தைக் கற்பித்த இடம் அது. அதனை வெறும் கேளிக்கைக் கூடமென்று தள்ளுவது நேர்மையாகாது.

எனினும், கொட்டகையை விற்றவர்மீதும் வாங்கியவர்மீதும் பழி சுமத்துதல் என் கருத்தன்று. முற்காலத்தில் ஒரு படம் ஒரு நகரில் ஓரிரு அரங்குகளில் மட்டும் நூறு நாள் ஓடிற்று. ஆகையால் இரண்டாயிரம் இருக்கைகளும் நாள்தோறும் நிரம்பின. பின்னர்த் தொலைக்காட்சியும், வீடியோ நாடாவும், 1990-களில் செயற்கைக்கோள் வழிவந்த அலைவரிசைகளும் படத்தை வீட்டுக்கே கொணர்ந்தன. இப்போதோ ஒரு படம் ஒரே நாளிற் பல திரைகளில் வெளியாகி, முதல் வாரத்திலேயே தன் வரும்படியைத் தேடிக்கொள்கின்றது. இந்நிலையிற் பேரரங்கு ஒன்றை நிரப்புவது எங்ஙனம்? மேலும், கொட்டகை என்பது உயர்ந்ததொரு வெற்றிடம். அதன் தரையோ சரிவானது. ஜவுளிக் கடைக்கு வேண்டுவன அடுக்கடுக்கான சமதளங்கள். எனவே ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதினும் இடித்துக் கட்டுவதே எளிதென்று பொறியாளர் கூறுவர். புதுக் கடையால் கிராமத்துப் பிள்ளைகள் பலர்க்கு வேலை கிடைக்கின்றது என்பதும் மெய்யே. ஆயினும், 2,563 பேர் அமர்ந்திருந்த இடத்தில் எழுந்த கடையைப் பார்க்கும்போது ஒன்று நினைவுக்கு வருகின்றது: தமிழ்நாட்டுக் கடைகளில் நாள் முழுதும் நிற்கும் ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டுமென்று 2021-இல் ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று!

வாணிகம் வந்தமையாற் கட்டிடம் அழிந்தே தீரவேண்டுமோ? வேண்டா என்பதற்கு மதுரையே சான்று. 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால் சிதைந்து கிடந்தபோது, ஆளுநர் நேப்பியர் பிரபு அதனைச் செப்பனிடுவித்தார். 1970 வரை அதனுள் நீதிமன்றங்கள் நடைபெற்றன. புதிய பயன் ஒன்று வாய்த்தமையே அதற்கு உயிராயிற்று. புதுமண்டபத்துத் தூண்களினிடையே தையற்காரரும் புத்தக வணிகரும் பல தலைமுறை கடை விரித்திருந்தனர். தூண்கள் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் 1913-இல் தோன்றிய எலெக்டிரிக் தியேட்டரை 1915-இல் தபாலிலாகா வாங்கிற்று. அக்கட்டிடம் அஞ்சலக வளாகத்தினுள் இன்றும் நிற்கின்றது. கடல் கடந்து நோக்கின், அர்ஜென்டினா நாட்டுப் புவெனஸ் அயர்ஸ் நகரில் 1919-இல் நாடக அரங்காகத் தொடங்கிப் பின் படமாளிகையான கிராண்ட் ஸ்பிளெண்டிட், 2000-ஆம் ஆண்டு முதல் புத்தகக் கடையாய் விளங்குகின்றது. மாடங்களும் கூரை ஓவியமும் மேடைத்திரையும் அப்படியே உள்ளன. மேடையிலே காப்பி அருந்துகின்றனர். அங்கே பழைய அரங்கின் அழகே கடைக்கு விளம்பரமாயிற்று. கட்டிடத்தைக் காத்தவர் நட்டமடையவில்லை.

சட்டத்தின் துணையை மட்டும் நம்பியிருத்தல் போதாது. 1958-ஆம் ஆண்டின் மத்திய அரசுச் சட்டம் நூறாண்டு நிறைந்தவற்றையே தொன்மைச் சின்னமெனக் கொள்கின்றது. அக்கணக்கின்படி 1952-இற் பிறந்த தங்கம் 2052 வரை காத்திருத்தல் வேண்டும்! பொருளீட்டுதற்கு முதுமை, பாதுகாப்புப் பெறுதற்கோ இளமை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்டே நம் கொட்டகைகள் மடிகின்றன.

ஆதலின் யான் வேண்டுவன மூன்றே. இன்னும் நிற்கின்ற பழைய கொட்டகைகளைக் கடையாக்க விரும்பும் உரிமையாளர், முகப்பையேனும் நிலைநிறுத்தி உள்ளே வாணிகம் நடத்துவாராக. இடித்துக் கட்டிவிட்ட இடங்களில், இன்ன அரங்கு இன்ன ஆண்டு முதல் இங்கே இருந்தது என்று பொறித்த கல் ஒன்றை வாயிலிற் பதிப்பாராக. அதன் செலவு ஒரு விளம்பரப் பலகையின் செலவினும் குறைவேயாம். மூன்றாவது, மாணவ நண்பர்காள், உங்கள் கடமை. விடுமுறையில் இருவர் மூவராகச் சேர்ந்து உங்கள் ஊர்க் கொட்டகையை அளந்து, படம் எடுத்து, பழைய ஆபரேட்டரும் டிக்கட் கிழித்தவரும் முறுக்கு விற்றவரும் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். ஆண்டுக்கொரு கொட்டகையின் வரலாறு இம்மலரில் வெளிவருமாயின், பத்தாண்டில் நகரின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் நம் கல்லூரியின் கொடையாகும்.

யோர்தான் நதியைக் கடந்த இஸ்ரவேலர், ஆற்றின் நடுவினின்று பன்னிரண்டு கற்களை எடுத்து வந்து கரையில் நாட்டினர் என்று வேதாகமத்திற் படிக்கின்றோம். பின்னாளிற் பிள்ளைகள் அக்கற்களைக் கண்டு ஏதென்று கேட்கவேண்டும், பெற்றோர் விடை சொல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். கேள்வி பிறப்பதற்கு ஒரு கல்லேனும் வேண்டும். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் தீபாவளிக்குப் பட்டெடுக்கத் தாயின் கைபற்றிச் செல்லும் ஒரு குழந்தை, “அம்மா, இந்தக் கல் என்ன?” என்று கேட்குமாறு நாம் செய்தல் வேண்டும்.