குச்சியைக் கொடுங்கள் டீச்சர்!

கணக்கு வகுப்பில் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி எது தெரியுமோ? 'கூட்டணுமா, பெருக்கணுமா டீச்சர்?' அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் போதும், நம்ம பையன் கணக்கை முழுசாகப் படிக்கவே மாட்டான்.

ஒரு கணக்கு பார்ப்போமா? இடம்: திருச்செந்தூர் பக்கத்து ஆலந்தலைக் கடற்கரை. அண்ணன் பிடித்த மீன், தம்பி பிடித்ததைப் போல 3 மடங்கு. தம்பியைவிட அண்ணனுக்கு 24 மீன் அதிகம். தம்பி பிடித்தது எத்தனை?

'மடங்கு' என்றதுமே ஒருத்தன் பெருக்கி 72 என்பான். கொஞ்சம் கெட்டிக்காரன் வகுத்து 8 என்பான். தம்பிக்கு 8 என்றால் அண்ணனுக்கு 24. அதிகம் 16தானே வருது? உதைக்கிறதே!

எக்ஸ், ஒய் எதுவும் வேண்டாம். ஆலந்தலையில் மணலுக்கா பஞ்சம்? குச்சியால் தம்பிக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதன் கீழே அண்ணனுக்கு அதே அளவில் 3 கட்டம். அண்ணனிடம் கூடுதலாக நிற்பது 2 கட்டம். அதுதான் 24. அப்போ ஒரு கட்டம் 12. தம்பிக்கு 12, அண்ணனுக்கு 36. தீர்ந்தது வழக்கு!

இந்தக் கட்ட வித்தையை 1980-களில் ஆரம்பப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது சிங்கப்பூர். 1995-ல் நடந்த 'டிம்ஸ்' சர்வதேசத் தேர்வில், கணக்கில் நாலாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு இரண்டிலும் அந்த ஊர்தான் முதலிடம். கட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு உண்டு.

மணலையும் மட்டமாக நினைக்காதீர்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்து அசந்துபோனார். தன் பள்ளியிலும் அதைப் புகுத்தி, 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டுவிட்டார்!

ஒரு எச்சரிக்கை. 'படம்' என்றதும் சார்ட்டில் கலர் கலராய் மீன் வரைந்து மாட்டிவிடாதீர்கள். மீன் ஜோராக இருக்கும், கணக்கு நகராது. படத்தில் தெரிய வேண்டியது மீன் இல்லை. யாரிடம் எத்தனை மடங்கு என்கிற உறவு. அதையும் பிள்ளையே வரையணும். டீச்சர் வரைந்தால் டீச்சருக்குத்தான் புரியும்!

நாளைக்கு ஏலத்திலோ வட்டிக் கடையிலோ நிற்கும்போது, 'கூட்டலா, பெருக்கலா?' என்று கேட்க பக்கத்தில் டீச்சர் இருக்கமாட்டார். 'உனக்குக் கணக்கு வராது' என்று பிள்ளைக்கு முத்திரை குத்துவதற்கு முன்னால், அவன் கையில் ஒரு குச்சியைக் கொடுங்கள்.

அடிக்கிற குச்சி இல்லீங்க, வரைகிற குச்சி!