நாய்க்கடிக்கு ஈடு கேட்பது பேராசையா?

வளர்ப்பு நாய் கடித்து ஒரு பிள்ளை மருத்துவமனையில் கிடக்கும்போது, "ஒரு வக்கீலைப் பாருங்கள்" என்று எவரேனும் சொன்னால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். தக்தீரில் உள்ளது நடந்தது, ஊசிச் செலவைக் கொடுத்துவிட்டார்கள், அண்டை வீட்டாரைக் கோர்ட்டுக்கு இழுப்பதா என்கிறார்கள். தெருப் பெரியவர்கள் இருவர் அமர்ந்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய தாளில் தகப்பனாரிடம் கையொப்பம் வாங்கிவிடுகிறார்கள். இந்த அவசரக் கையொப்பத்தைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

மன்னிப்பது உயர்ந்த பண்பு. ஆனால் அந்த உரிமை காயம்பட்டவருக்கு உரியது. பிள்ளைக்குச் சேரவேண்டியது தகப்பனிடம் அமானிதம். அதைச் சும்மா விட்டுக்கொடுக்கப் பொறுப்பாளருக்கு அதிகாரம் இல்லை என்பதே ஃபிக்ஹு நூல்களின் பொதுவான போக்கு.

வாயில்லாப் பிராணி விளைவிக்கும் காயத்திற்கு ஈடு இல்லை என்ற கருத்தில் புகாரி, முஸ்லிம் நூல்களில் வரும் ஹதீஸைச் சிலர் எடுத்துக்காட்டுவர். உரிமையாளரின் கவனக்குறைவு இல்லாத நிலைக்கே அது பொருந்தும் என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். கடிக்கும் நாய் என்று தெரிந்தும் அவிழ்த்து விட்டவருக்கு அதில் புகலிடம் இல்லை.

அல்-அன்பியா அத்தியாயத்தில் (21:78-79) ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் பிறர் வயலில் மேய்ந்த வழக்கு சொல்லப்படுகிறது. ஈடு உண்டு என்பதில் தாவூத் (அலை), சுலைமான் (அலை) இருவருக்கும் வேறுபாடு இல்லை. எவ்விதம் என்பதில்தான் வேறுபாடு. வயல் பழைய நிலைக்குத் திரும்பும்வரை ஆடுகளின் பயன் வயல்காரருக்கு என்பது சுலைமான் நபியின் தீர்ப்பு என விரிவுரையாளர்கள் கூறுகின்றனர். கன்னத்தில் கடிபட்ட பிள்ளைக்கும் அதே அளவுகோல்தானே? தழும்புக்கு மறுபடி அறுவை தேவைப்படலாம். நாயைக் கண்டாலே நடுங்கும் அச்சம் நெடுநாள் நீடிக்கலாம். முதல் வாரத்து மருந்துச் சீட்டில் இவை எதுவும் இராது.

நம் நாட்டுச் சட்டத்தில், விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் பொதுவாக அரசுக்குப் போகும். பிள்ளைக்கு ஈடு வேண்டுமெனில் உரிமையியல் வழக்கு தொடுக்க வேண்டும். வழக்கறிஞரின் தேவை அங்கேதான். தெருநாய் எனில் கேள்வி உள்ளாட்சி அமைப்பை நோக்கித் திரும்பும். 2023-இல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் ஒரு பல் தடத்திற்குக் குறைந்தது 10,000 ரூபாய் என்று வகுத்தது. அது அம்மாநிலங்களுக்கான உத்தரவே எனினும், கேட்பது வீண் அன்று என்பதற்குச் சான்று.

காயத்தை உடனே சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தடுப்பூசிக்கு ஓடுவதே முதற்கடமை, வழக்கு பிறகு. எனினும் காயத்தின் படங்கள், மருத்துவமனைச் சீட்டுகள், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே சேர்த்து வைக்க வேண்டும். இல்லாத வலியை எழுதி ஈட்டைப் பெருக்குவதோ பொய்ச்சாட்சியம். அதற்கு நாம் துணை நிற்கமாட்டோம்.

கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு என்று பேரம் பேசும் வழக்கறிஞரை விட்டு விலகுங்கள். அமெரிக்காவில் அது வழக்கம். இங்கே இந்திய பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன.

சமரசத்தை நாம் மறுக்கவில்லை; ஸுல்ஹு மார்க்கம் விரும்புவதே. பிற்காலச் சிகிச்சைக்கும் இடம் வைத்து எழுதப்பட்டு, பிள்ளையின் தரப்பு வழக்கறிஞர் ஒருவர் படித்த பிறகு கையொப்பமாகட்டும். பணமில்லை என்று தயங்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், வருமானம் பாராமல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வழக்கறிஞரை அளிக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம். தொலைபேசி எண் 15100.