இணையதளத்தை இடித்துக் கட்டும் முன்

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

உங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைவுபெற்ற கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கிறேன். பல்கலைக்கழக இணையதளத்தைப் புதிதாக அமைக்க ஒப்பந்தப்புள்ளி கோரப்போவதாகக் கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். கோருவதற்கு முன் சிலவற்றைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

முகப்பு பழசாகத் தெரிகிறது என்பது தளத்தை மாற்றப் போதுமான காரணம் இல்லை. போன பருவத்தின் தேர்வு அட்டவணை இன்னும் 'புதியது' என்று மின்னுவதும், ஓய்வுபெற்ற அலுவலரின் தொலைபேசி எண் அப்படியே கிடப்பதும் பராமரிப்புக் குறைகள். ஒவ்வொரு பிரிவிலும் பக்கத்தைத் திருத்தும் பொறுப்பை ஒருவரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்படைத்தால் அவை தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல் எத்தனை லட்சம் செலவழித்தாலும், புதிய தளமும் சீக்கிரமே இதே நிலைக்கு வந்துவிடும்.

உலாவியில் 'பாதுகாப்பற்றது' என்று வருவதற்காகவும் தளத்தை இடிக்க வேண்டியதில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களை 2018 ஜூலை முதல் குரோம் அப்படிக் காட்டுகிறது. அந்தச் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கும். ஆனால் தளம் ஓடும் மென்பொருள் எது என்று கணினி மையத்தைக் கேளுங்கள். பிஎச்பி 5.6 என்று பதில் வந்தால் தயங்காதீர்கள். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. மாணவர்களின் மதிப்பெண்ணையும் பிறந்த தேதியையும் அதன்மேல் வைத்திருப்பது ஆபத்து. அங்கே ஒட்டுப்போட்டுப் பயனில்லை, புதிதாகத்தான் கட்ட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை பழைய தமிழ்ப் பக்கங்களைப் பற்றியது. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சான பாடத்திட்டங்களும் ஆய்வேட்டுச் சுருக்கங்களும் அந்தந்த எழுத்துருவை நம்பியே நிற்கின்றன. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற குறியாக்கங்கள் வந்தன. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இடைப்பட்ட காலத்துப் பக்கத்தை இன்று திறந்தால் எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. தேடுபொறிக்கு அது தமிழ் என்றே தெரியாது. பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளைத்தான் வாசிக்கும்.

இவற்றை யாரும் கேட்பதில்லை என்று எண்ண வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன் படித்தவர்கள், பட்டத்தின் இணைத்தன்மையை நிறுவத் தாங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டம் வேண்டும் என்று எங்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். தளத்தில் அது இருக்கிறது, ஆனால் படிக்க முடியவில்லை. மாற்றிகள் இருக்கின்றன, இருந்தாலும் கொம்பும் காலும் இடம்மாறிவிடுவதால் மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். தமிழ்த்துறை ஆய்வாளர்களுக்கு உரிய ஊதியம் தந்து இதைச் செய்விக்கலாம். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் எந்த நிறுவனமும் இந்த வேலையைத் தொடாது. பழைய பக்கங்களை மொத்தமாக நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்றுதான் சொல்வார்கள்.

முகவரிகளையும் காப்பாற்றுங்கள். ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் நம் பக்க முகவரிகள் அச்சேறியிருக்கின்றன. பழைய முகவரியைத் தட்டுபவர் தானாகவே புதிய பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய வழங்கியை அணைப்பதற்கு முன் முழு நகல் ஒன்றைப் பல்கலைக்கழகமே வைத்திருக்கட்டும். தளப்பெயரும் நிர்வாகக் கடவுச்சொல்லும் ஒப்பந்ததாரரிடம் அல்லாமல் பல்கலைக்கழகத்திடமே இருக்கட்டும்.

ஒப்பந்தப்புள்ளி வெளியிடும் முன் முதலாண்டு மாணவர்கள் சிலரை அழைத்து, தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாளையும் இடப்பெயர்வுச் சான்றிதழ் விண்ணப்பத்தையும் தங்கள் கைபேசியிலேயே தேடச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்று உடனிருந்து பாருங்கள். எதைத் திருத்துவது, எதைப் புதிதாகக் கட்டுவது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

படிக்க முடியாமல் போன பாடத்திட்டப் பக்கங்களை எங்கள் நூலகத்தில் பட்டியலிட்டு வருகிறோம். தாங்கள் கேட்டால் கணினி மையத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
இணைவுக் கல்லூரி நூலகர் ஒருவர்